திடீர் நடு முதுகு வலியும் விலாப் பிடிப்பும்: பிடித்த நிமிடத்திலிருந்து முழுமையாகத் தேறும் வரை

குனிந்து செருப்பை எடுத்திருப்பீர்கள். அல்லது காரின் முன் சீட்டில் உட்கார்ந்தபடியே பின் சீட்டில் கிடந்த பையை எட்டி இழுத்திருப்பீர்கள். ஒரு தும்மல்கூடப் போதும். தோள்பட்டை எலும்புக்குக் கீழே, முதுகுத்தண்டை ஒட்டி சுரீரென்று ஒரு குத்து. அது விலாவைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வரை வருகிறது. மூச்சை இழுத்தால் பாதியிலேயே நிற்கிறது. அசையாமல் இருந்தால் வலி அடங்குகிறது. கொஞ்சம் திரும்பினால் மறுபடி அதே குத்து.

இது வந்தவருக்கு முதலில் வருவது பயம்தான். ஹார்ட் அட்டாக்கா, கிட்னியில் கல்லா என்று மனம் ஓடும். பெரும்பாலும் இது தசைப்பிடிப்பாகவோ, விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் சிறிய மூட்டின் உறுத்தலாகவோ இருக்கும். சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், தேறிவிடும். ஆனாலும் நடு முதுகு வலியை இடுப்பு வலியைப் போல எண்ணெய் தேய்த்துவிட்டு மறந்துவிட முடியாது. நுரையீரல், பெருநாடி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்), சிறுநீரகம், பித்தப்பை, கணையம் என்று பல உறுப்புகள் தங்கள் வலியை இதே இடத்தில் காட்டும். அதனால்தான் ஆபத்தை விலக்குவதை முதலிலும், வலியை இனம் காண்பதை இரண்டாவதாகவும், வைத்தியத்தை அதற்குப் பிறகும் வைத்திருக்கிறேன். ஒத்தடம், மாத்திரை என்று நேராகக் கீழே தாவ வேண்டாம்.

முதலில்: வீட்டில் இருக்கக் கூடாத வலி எது?

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே படிக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

வலியோடு நெஞ்சில் அழுத்தம், குளிர்ந்த வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம் வருகிறதென்றால் அது இதயமாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் முதுகு வலியும் மூச்சு வாங்கலும் குமட்டலுமாக ஹார்ட் அட்டாக் வருவதுண்டு.

உள்ளே ஏதோ கிழிவதுபோல், வந்த நொடியிலேயே உச்சத்தில் இருக்கும் வலி தோள்பட்டைகளுக்கு நடுவே வந்தால், குறிப்பாக ரத்த அழுத்தம் உள்ளவருக்கு வந்தால், அது பெருநாடியின் சுவர் கிழிவதாக இருக்கலாம். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மூச்சு இழுத்தால் குத்துகிறது, கூடவே உண்மையிலேயே மூச்சுத் திணறுகிறது, இதயம் படபடக்கிறது, இருமலில் ரத்தம் வருகிறது, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது என்றால் நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். சமீபத்தில் அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட படுக்கை, நீண்ட பயணம், புற்றுநோய் சிகிச்சை, கருத்தடை மாத்திரை ஆகியவற்றில் எதுவும் இருந்தால் சந்தேகம் கூடுகிறது. ஒல்லியாக உயரமாக இருக்கும் இளைஞருக்கோ, புகைபிடிப்பவருக்கோ திடீரென ஒரு பக்கம் குத்தி மூச்சு வாங்கினால், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கால்கள் தளர்வது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ அடங்காமல் போவது அல்லது வராமல் நின்றுவிடுவது, மார்பைச் சுற்றி இறுக்கமாகப் பட்டை கட்டியதுபோன்ற உணர்வு ஆகியவை தண்டுவடம் நசுங்குவதன் அடையாளங்கள். நாளை காலை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் கால்களின் பலம் திரும்பாமலே போகலாம்.

விழுந்தோ விபத்திலோ அடிபட்ட பிறகு வந்த வலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், நிற்காத வாந்தி, கல்லைப் போல் இறுகிய வயிறு, கர்ப்பிணிக்கு வரும் கடுமையான விலா வலி ஆகியவற்றுக்கும் அன்றைக்கே மருத்துவமனை. ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், காரணமில்லாமல் எடை குறைந்துகொண்டே வருபவர்கள், காசநோய் வந்துபோனவர்கள் ஆகியோர் புதிதாக வரும் முதுகு வலியைத் தசைப்பிடிப்பு என்று தாங்களே முடிவு செய்யக் கூடாது. காசநோய் முதுகெலும்பைத் தாக்கினால் நடு முதுகின் கீழ்ப்பகுதியைத்தான் அதிகம் பிடிக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் கொஞ்சம் நிதானிக்கலாம்.

இரண்டாவது: வலி எங்கிருந்து வருகிறது?

நடு முதுகில் 12 முதுகெலும்புகள். ஒவ்வொன்றிலும் இருபுறமும் ஒரு விலா எலும்பு, ஆக 24. ஒவ்வொரு விலாவும் பின்னால் முதுகெலும்போடு சேரும் இடத்தில் சின்னஞ்சிறு மூட்டுகள் இருக்கின்றன. மூச்சை இழுக்கும்போது கீழ் விலாக்கள் வாளியின் கைப்பிடி எழுவதுபோலப் பக்கவாட்டில் எழுகின்றன. நிமிடத்துக்கு 12 மூச்சு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு நாளில் 17,000 தடவைக்கு மேல் அந்த மூட்டுகள் அசைகின்றன. கணுக்கால் சுளுக்கினால் காலைத் தூக்கி வைத்து ஓய்வு கொடுக்கலாம். விலாவுக்கு அந்த வசதி இல்லை. மூச்சு, இருமல், தும்மல், சிரிப்பு எல்லாவற்றிலும் வலிப்பதும், பிடிப்பு சின்னதாக இருந்தாலும் பெரிதாகத் தெரிவதும் இதனால்தான்.

இப்போது நீங்களே பார்க்க வேண்டியது சில.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு மெதுவாக இடப்பக்கம் திரும்புங்கள், பிறகு வலப்பக்கம். இடுப்பு அசையாமல் இருபுறமும் சாயுங்கள். முன்னால் குனிந்து நிமிருங்கள். ஆழமாக ஒரு மூச்சு, பிறகு லேசாக ஓர் இருமல். எந்த அசைவில், எந்தக் கோணத்தில் குத்துகிறது என்று கவனியுங்கள். அடுத்து, வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா, அழுத்தினால் "இதே வலிதான்" என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, வசதியான ஒரு நிலையில் பத்து நிமிடம் அசையாமல் படுத்திருங்கள். வலி முழுவதுமாக, அல்லது பெரும்பகுதி, அடங்குகிறதா?

குறிப்பிட்ட அசைவில் வருவது, விரலால் தொட்டுக் காட்ட முடிவது, அசையாமல் இருந்தால் அடங்குவது என்று மூன்றும் பொருந்தினால் தசை, மூட்டு வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதுகுத்தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரே புள்ளியில் குத்தி, மூச்சை இழுத்தால் விலா வழியே முன்னால் ஓடுகிறதென்றால் விலா மூட்டு. இரண்டு விலாக்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அழுத்தினால் வலித்து, இருமலில் மோசமாகிறதென்றால் விலா இடைத்தசை. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, பக்கவாட்டில் சாயும்போது பிடிக்கிறதென்றால் இடுப்பின் பக்கத் தசைகள். விலாக்கூட்டின் கீழ் விளிம்பில் ஏதோ நழுவி "டக்" என்று சத்தம் கேட்டால் 8 முதல் 10 வரையுள்ள விலாக்களில் ஒன்றின் முனை தளர்ந்திருக்கலாம். டாக்டர் விரலால் அந்த விளிம்பைக் கொக்கிபோல் பிடித்து இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார்.

இதற்கு மாறானது சிறுநீரகக் கல் வலி. அது அலை அலையாக வரும், அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும், குமட்டும். எந்த நிலையிலும் நிம்மதி கிடைக்காமல் ஆள் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார். விலாப் பிடிப்பு வந்தவரோ அசையவே பயந்து சிலையாக உட்கார்ந்திருப்பார். இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சிறுநீரகத் தொற்றில் காய்ச்சல், குளிர், சிறுநீர் எரிச்சல், முதுகில் ஆழமான மந்த வலி. பித்தப்பை வலி கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வலது மேல் வயிற்றில் தொடங்கி வலது தோள்பட்டைக்கு ஏறும். கணையத்தின் வலி மேல் வயிற்றிலிருந்து நேராக முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். முன்னால் குனிந்தால் கொஞ்சம் குறையும்.

அசைந்தால் வலிக்கிறது, அதனால் தசைதான் என்று இதோடு முடித்துவிடுகிறவர்கள் பலர். நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இங்கேதான். அசைவில் வரும் வலிகளுக்குள்ளேயே, தசைப்பிடிப்பு போலவே தெரியும் வேறு சில உண்டு.

முதலாவது முதுகெலும்பு நசுங்கி முறிவது. எலும்பு மெலிந்தவர்களுக்கு இதற்கு விபத்து வேண்டியதில்லை. வாளியைத் தூக்கியது, பலமாக இருமியது, பேருந்து மேடு பள்ளத்தில் குதித்தது போதும். மாதவிடாய் நின்ற பெண்கள், 65 வயதைத் தாண்டியவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நின்றால், நடந்தால் வலித்து, படுத்தால் குறைவது இதன் குணம். முதுகுத்தண்டின் நடுவிலேயே, எலும்பின் மேலேயே, தட்டினால் வலிக்கும். நடு முதுகு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் இது அதிகம். உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ இப்படி வலி வந்து, உயரம் குறைந்ததுபோல் தெரிந்தால், தைலம் தேய்த்துக்கொண்டிராமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது நுரையீரல் உறையின் அழற்சி. மூச்சை இழுத்தாலும் இருமினாலும் சரியாக விலாப் பிடிப்பு போலவே குத்தும். ஆனால் கூடவே காய்ச்சல், சளி, இருமல் இருக்கும். விரலால் அழுத்தினால் அந்த வலி கிளம்பாது. வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு நாள் கடத்தும்போது உள்ளே நிமோனியா வளர்ந்துகொண்டிருக்கலாம்.

மூன்றாவது அக்கி. கொப்புளம் வருவதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் முன்பே ஒரு பக்க விலாவில் எரிச்சலும் குத்தலும் தொடங்கிவிடும். சட்டை பட்டாலே எரிகிறது, தோலைத் தொடவே முடியவில்லை, வலி உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டவில்லை என்றால், தினமும் அந்த இடத்தின் தோலைக் கண்ணாடியில் பாருங்கள். செந்நிறத் திட்டோ நீர்க் கொப்புளமோ தெரிந்தவுடன் டாக்டரிடம் போங்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

நீண்ட நாள் இருமலுக்குப் பிறகு விலாவில் மயிரிழை விரிசல் விழுவதும் உண்டு. அதற்குச் சிகிச்சை ஏறக்குறைய பிடிப்புக்கானதுதான். ஆற மட்டும் ஆறு வாரம் வரை ஆகும்.

பிடித்த அந்த நிமிடத்தில்

இழுத்துப் பிடித்திருக்கும்போது உடம்பு தன்னிச்சையாகச் செய்வது இரண்டு. ஒன்று, மூச்சை அடக்கிக்கொள்ளும். இன்னொன்று, முதுகு முழுவதும் கட்டையாக இறுகும். காயம் சின்னது, காவல் பெரிது என்ற நிலை. இறுகிய தசை வலிக்கிறது, வலிப்பதால் இன்னும் இறுகுகிறது.

திரும்பி நிமிர முயலாதீர்கள். இருக்கும் நிலையிலேயே சுவரையோ மேசையையோ இரு கைகளாலும் பிடித்து, உடம்பின் எடையைக் கைகளுக்குக் கொடுங்கள். மூக்கு வழியாக, வலி தொடங்கும் எல்லை வரை மட்டும் மூச்சை இழுத்து, உதடுகளைக் குவித்து நீளமாக ஊதி விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். ஐந்தாறு தடவை இப்படிச் செய்தால் அந்த முதல் இறுக்கம் ஒரு சுற்று தளரும். அப்போது முழங்கால்களை மடக்கி, முதுகைத் திருப்பாமல் நாற்காலிக்கோ படுக்கைக்கோ போங்கள்.

தரையில் இருக்கும்போது பிடித்துவிட்டால், முதலில் வலிக்காத பக்கமாகப் புரண்டு, கைகளை ஊன்றி முட்டி போடுங்கள். பக்கத்தில் உள்ள நாற்காலியில் முன்கைகளை வைத்து, ஒரு பாதத்தை முன்னே ஊன்றி, காலின் பலத்தால் எழுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்க யாரும் வர வேண்டாம். அந்த இழுப்பில்தான் பலருக்கு இரண்டாவது தடவை பிடிக்கிறது.

அந்த நேரத்தில் யாரையும் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லாதீர்கள். சொடக்கு எடுக்கச் சொல்வதும் வேண்டாம். மெலிந்த எலும்போ விலா விரிசலோ உள்ளே இருந்தால் அது பெரிய முறிவில் போய் முடியும்.

முதல் இரண்டு மூன்று நாள்

வலி மிக அதிகமாக இருப்பது இப்போதுதான். வசதியாகப் படுக்கும் நிலை இரண்டு. மல்லாந்து படுத்து முழங்கால்களுக்கு அடியில் இரண்டு தலையணை வைப்பது ஒன்று. வலிக்காத பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையும் மார்போடு அணைத்துக்கொள்ள ஒன்றும் வைப்பது மற்றொன்று. படுக்கவே முடியாதவர்கள் சாய்வு நாற்காலியில் தூங்கலாம். விலா வலிக்கு அதுவே சில இரவுகள் நல்ல தூக்கம் தரும்.

ஒத்தடத்தில் சூடா, ஐஸா என்று கேட்பவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் சூடுதான். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த கீழ் முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயல வேண்டியவற்றில் வெப்ப ஒத்தடத்தைச் சேர்த்திருக்கிறது. நடு முதுகின் தசைகளுக்கும் அது அதே மாதிரிதான் இதமளிக்கிறது. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. அதை வைத்துக்கொண்டே தூங்கிவிடக் கூடாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை முன்கையில் சோதித்த பிறகே வைக்க வேண்டும். நேரடியாக அடிபட்டு வீங்கியிருந்தால் மட்டும் முதல் இரண்டு நாள் ஐஸ். அதையும் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம்.

முழு நேரப் படுக்கை வேண்டாம். 1995-இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. புதிதாக இடுப்பு வலி வந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி, மற்றொன்றுக்கு வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமாக நடமாடியவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். பயிற்சிக் குழுகூட அவர்களுக்குப் பின்தங்கியது. இதில் நமக்கு இரண்டு செய்தி: படுத்துக் கிடக்காதீர்கள், முதல் இரண்டு மூன்று நாள் வீராவேசமாகப் பயிற்சியும் செய்யாதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில் முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து வீட்டுக்குள் நடங்கள். நடக்கும்போது கைகளை வீசுங்கள். கை வீச்சே நடு முதுகை மெல்லத் திருப்பிக் கொடுக்கும்.

இருமல், தும்மல் வரும்போது ஒரு தலையணையை வலிக்கும் விலாவோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமுங்கள். வலிக்குப் பயந்து சளியை அடக்கி, மேலோட்டமாகவே மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் தொற்று வரலாம். வயதானவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. விலாவைச் சுற்றி இறுக்கமாகப் பெல்ட் கட்ட வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதும் இதற்காகத்தான்.

மாத்திரை

வலி மாத்திரையின் வேலை உங்களை மூச்சு விடவும் நடமாடவும் தூங்கவும் விடுவது. பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி., குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4000 மி.கி.க்கு மேல் போகாமல். கல்லீரல் நோய், தொடர்ந்த குடிப்பழக்கம், 50 கிலோவுக்குக் குறைந்த எடை இருந்தால் அளவு இன்னும் குறைய வேண்டும். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அட்டையைப் படித்துக் கணக்கில் சேருங்கள்.

இபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் வகை மாத்திரைகள் தசை வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இந்த வகை மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா, கர்ப்பம் ஆகியவை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் இந்த வகையில் இரண்டைச் சேர்த்துச் சாப்பிடுவது பலன் தராது, பக்கவிளைவை மட்டும் கூட்டும். சாப்பிட்ட பிறகே எடுங்கள். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைக்லோஃபெனாக் ஜெல் நல்ல மாற்று. தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். தசையைத் தளர்த்தும் மாத்திரைகளை டாக்டர் எழுதிக் கொடுத்தால், அவை தூக்கம் வரவைக்கும் என்பதை நினைவில் வைத்து வண்டியை எடுக்காமல் இருங்கள்.

படுக்கையிலிருந்து எழுவது

காலையில் எழும் அந்த அரை நிமிடம்தான் இந்த வலியில் மிகக் கொடுமையானது. மல்லாந்த நிலையிலிருந்து தலையைத் தூக்கி நேராக எழவே கூடாது. இரண்டு முழங்கால்களையும் மடக்குங்கள். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே கட்டையாக, ஒரே நேரத்தில், கட்டிலின் ஓரம் நோக்கிப் புரளட்டும். இடுப்பு முதலில், தோள் பிறகு என்று முறுக்கினால் குத்தும். ஒருக்களித்த பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே சமயம் கீழே இருக்கும் முழங்கையையும் மேலே இருக்கும் உள்ளங்கையையும் ஊன்றி, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து உட்காருங்கள். கால்கள் இறங்கும் எடை உடம்பைத் தானே மேலே தூக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் மட்டும் பிடிக்கும். ஊதிக்கொண்டே எழுந்து பாருங்கள், வித்தியாசம் முதல் நாளே தெரியும். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

பயிற்சிகள்: எப்போது, எவ்வளவு

வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது மூன்று நான்கு வரை போகலாம். முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

முதல் நாளிலிருந்தே செய்யக்கூடியது விலா மூச்சு. மல்லாந்து முழங்கால்களை மடக்கி, உள்ளங்கைகளைக் கீழ் விலாக்களின் இருபுறமும் வையுங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, கைகளைப் பக்கவாட்டில் தள்ளுவதுபோல் விலாக்களை விரியுங்கள்; ஆறு எண்ணும் வரை விடுங்கள். வலிக்கும் பக்கம் விரியத் தயங்கும். அந்தப் பக்கத்தில் கையை மெல்ல அழுத்தி, அங்கே மூச்சை அனுப்புங்கள். ஐந்தாறு மூச்சு, நாளைக்கு நான்கைந்து தடவை. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மூன்றாம் நான்காம் நாள், குத்து மந்தமானதும், கைகளையும் முட்டியையும் ஊன்றி முதுகை மேலே வளைத்து, பிறகு கீழே தொய்யவிடும் பூனைப் பயிற்சி, எட்டுப் பத்து முறை. இதோடு சேர்க்க வேண்டியது புத்தகம் திறப்பதுபோன்ற திருப்பல். வலிக்காத பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களை இடுப்பு உயரத்துக்கு மடக்கி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கைகளை முன்னால் சேர்த்து நீட்டுங்கள். மேல் கையை மட்டும் வானத்தை நோக்கித் தூக்கி, பார்வை அந்தக் கையைப் பின்தொடர, பின்பக்கமாகத் திறங்கள். முழங்கால்கள் பிரியக் கூடாது. எங்கே தடுக்கிறதோ அங்கே நிறுத்தி இரண்டு மூச்சு விட்டால் இன்னும் ஓர் அங்குலம் இளகும். ஆறு முறை செய்தபின் மறுபக்கமும்.

ஒரு வாரத்துக்குப் பிறகு, நாற்காலி முதுகின் மேல் விளிம்பு தோள்பட்டை எலும்புகளின் கீழ் நுனியில் படும்படி உட்கார்ந்து, கைகளைப் பிடரியில் கோத்து, மெல்லப் பின்னால் சாயுங்கள். எலும்பு மெலிவு உள்ளவர்கள் இதையும், முன்னால் குனியும், முறுக்கும் பயிற்சிகளையும் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இரண்டு மூன்று வாரத்தில் அன்றாட வேலைகளில் வலி இல்லை என்றான பிறகு பலம் கூட்டும் பயிற்சி. கைகளையும் முட்டியையும் ஊன்றிய நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டி ஐந்து நொடி நிறுத்துவது. முட்டி மடக்கிய நிலையில் முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் இடுப்பைத் தூக்குவது. கதவுக் கைப்பிடியில் மாட்டிய ரப்பர் பட்டையை, தோள்பட்டைகளைச் சேர்த்தபடி பின்னால் இழுப்பது. வலி போய்விட்டதே என்று இந்தக் கட்டத்தை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் அடுத்த சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி பிடிக்கிறது.

டாக்டரிடம் எப்போது, என்ன சொல்வது?

வலி நாளுக்கு நாள் கூடுகிறது, இரவில் படுத்திருக்கும்போதும் தூக்கத்தைக் கலைக்கிறது, ஒரு வாரத்தில் கொஞ்சமும் குறையவில்லை, இரண்டு வாரமாகியும் பாதிகூடக் குறையவில்லை என்றால் போய்விடுங்கள். வயது 65-ஐத் தாண்டியவர்களும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். ஓரிரு நாளிலேயே காட்டலாம்.

"முதுகு வலிக்குது டாக்டர்" என்று நிறுத்தாமல், எந்த அசைவில் தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, காய்ச்சல், சிறுநீர், இருமல், தோல் எரிச்சல் பற்றிய விவரம், சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் கடைசி விலாவுக்குக் கீழே கையால் லேசாகத் தட்டுவார்; அது சிறுநீரகத்துக்கான சோதனை. முதுகுத்தண்டின் நடுவில் தட்டினால் அது எலும்புக்கு. பெரும்பாலும் ஒரு சிறுநீர்ச் சோதனையும் நெஞ்சைக் கேட்டுப் பார்ப்பதுமே போதும்.

எக்ஸ்ரேயில் தசையோ விலா மூட்டின் உறுத்தலோ தெரியாது. விலா விரிசல்கூடச் சில சமயம் தப்பிவிடும். எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்று நீங்களாக வற்புறுத்தவும் வேண்டாம். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், நடு முதுகில் வலியே இல்லாத 90 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது 66 பேரிடம் டிஸ்க் பிதுக்கம், கிழிசல் என்று ஏதோ ஒன்று தெரிந்தது. அறிக்கையில் "டிஸ்க் பல்ஜ்" என்று எழுதியிருப்பதால் மட்டும் உங்கள் வலிக்கு அதுவே காரணம் ஆகிவிடாது. அபாய அறிகுறி இருந்தாலோ, ஆறு வாரமாகியும் தேறாவிட்டாலோ ஸ்கேனுக்கு அர்த்தம் உண்டு.

வேலைக்குத் திரும்பும்போது

மேசை வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று நாளில் திரும்பலாம். உட்காரும் விதத்தைவிட, எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்காருகிறீர்கள் என்பதுதான் முக்கியம். நிமிர்ந்தே உட்கார்ந்தாலும் இரண்டு மணி நேரம் அசையாவிட்டால் நடு முதுகு இறுகிவிடும். மவுஸை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வைக்காதீர்கள். லேப்டாப்பில் குனிந்தே வேலை செய்கிறவர்கள் திரையை உயர்த்திவைத்து, தனிக் கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாரம் தூக்குபவர்கள் வழக்கமான எடையில் கால்பங்கில் தொடங்கி, வாரம் வாரமாகக் கூட்டுங்கள். நடு முதுகைப் பிடிப்பது பெரும்பாலும் எடையைவிட, எடையோடு சேர்ந்த திருப்பம். குனிந்து தூக்கியதை அதே நிலையில் பக்கத்தில் வைக்கத் திரும்பும் அந்த ஒரு அசைவைத் தவிருங்கள்: தூக்குங்கள், நிமிருங்கள், பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள், பிறகு வையுங்கள். காரின் பின் சீட்டில் இருக்கும் பைக்கும் இதேதான். இறங்கிப் போய்க் கதவைத் திறந்து எடுங்கள்.

ஓடுபவர்கள் வேகமாக நடக்கும்போதும் ஆழமாக மூச்சு விடும்போதும் வலி இல்லை என்றான பிறகு ஓடத் தொடங்கலாம். பந்து வீசுவது, பேட்மிண்டன், டென்னிஸ் போன்று உடம்பைச் சுழற்றும் விளையாட்டுகளுக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். உட்கார்ந்தபடி இருபுறமும் ஒரே அளவு திரும்ப முடிகிறதா என்பதுதான் அளவுகோல். ஒரு வருடத்துக்குள் அதே இடத்தில் மூன்றாவது முறையும் பிடித்தால், அடுத்த தடவைக்குக் காத்திருக்காமல், வலி இல்லாத ஒரு நாளிலேயே பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். வலியோடு போனால் அவரால் உங்களைத் தொட்டுப் பார்க்கத்தான் முடியும். வலி இல்லாதபோது போனால் நீங்கள் குனிவதையும் திரும்புவதையும் தூக்குவதையும் முழுதாகப் பார்த்து, எந்த மூட்டு அசையாமல் நின்று அந்தச் சுமையை இந்த ஒரு விலாவின்மேல் போடுகிறது என்று கண்டுபிடிக்க முடியும்.